கொக்கண்ணனின் சிரிப்பு

ஜூன் 16, திங்கள்

புது பொம்மை லாட் இன்று என் மேசைக்கு வந்தது. ஒரு முழம்கூட இல்லாத உயரத்தில் ஒரு வெளிநாட்டு மாவீரன். சித்திரக்கதையில் வானத்தில் பறந்து ஊர் ஊராகக் காப்பாற்றுகிறவராம். பெயர் சில்வர் ஹெரான். வெள்ளிக் கொக்கு என்று யாரோ அர்த்தம் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து எங்கள் பெயின்ட் லைன் பெண்களுக்கு அவர் கொக்கண்ணன்.

குழந்தைகள் விளையாடுகிற பொம்மை இல்லை இது. வளர்ந்த ஆண்கள் ஒரு வருஷம் முன்பே பதிவு செய்து வாங்கி, கண்ணாடி அலமாரியில் நிற்கவைத்து, பூதக்கண்ணாடி போட்டுப் பார்ப்பார்கள். அவர்கள் பார்ப்பதற்கு முன் நான் பார்க்க வேண்டும். முழங்கை மடக்கிய இடத்தில் நிற்கிறதா, கழுத்தில் அச்சுக்கோடு தெரிகிறதா, மேலங்கித் தையல் பிரிந்திருக்கிறதா, கண் இரண்டும் ஒரே பக்கம் பார்க்கிறதா, உதட்டுக்கோடு சரியா. ஓசூரில் இந்தக் கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து குறை பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். வீட்டிலும் அதே வேலையை இலவசமாகச் செய்கிறேன் என்று இவர் சொல்வார்.

எதை வைத்து ஒப்பிடுவது என்றால், மாஸ்டர் சாம்பிள் என்று ஒன்று உண்டு. வாங்குகிறவர்களும் நாங்களும் பார்த்து ஒப்புக்கொண்ட ஒரே ஒரு பொம்மை. வெளிச்சம் பட்டால் நிறம் மங்கும் என்று கறுப்புத் துணியில் சுற்றி அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறது. தகராறு வந்தால் மட்டும் எடுப்போம். மார்ச்சில் அதை ஒப்புக்கொண்டதே நான்தான். அது என் கண்ணில் இருக்கிறது, அலமாரியில் தேட வேண்டியதில்லை.

எங்கள் மகள் சிந்துஜாவின் நிச்சயதார்த்தம் ஜூலை 13 என்று முடிவானது. ஆடி பிறப்பதற்குள் முடிக்க வேண்டும் என்று மாப்பிள்ளையின் அம்மா சாரதம்மா கிருஷ்ணகிரியிலிருந்து போன் செய்தார். லாட் கப்பலுக்குப் போக வேண்டியதும் அதே வாரம். எல்லாம் ஒன்றாகத்தான் வரும்.

இடது காதுக்குப் பின்னால் வலி. பஸ்ஸில் ஜன்னலோரம் தூங்கிவிட்டேன்.

ஜூன் 17, செவ்வாய்

காலையில் வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் ஓரமாக வழிந்து ரவிக்கை நனைந்தது. புது பிரஷ் சரியில்லை. காபியில் ருசியே இல்லை, பால்காரர் மறுபடி தண்ணீர் ஊற்ற ஆரம்பித்துவிட்டார். கம்பெனியில் இடது கண் எரிந்தது. பெயின்ட் தின்னர் நெடி.

மத்தியானம் சாப்பிடும்போது ரெஜினா என் முகத்தையே பார்த்தாள். அவள்தான் பெயின்ட் லைன் சூப்பர்வைசர். "என்னக்கா, முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்றாள். ஜலதோஷம் என்று சொல்லி மாஸ்க் வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

ஜூன் 18, புதன்

லீவு.

ஜூன் 19, வியாழன்

நேற்று எழுதப் பிடிக்கவில்லை. இன்றும் பிடிக்கவில்லை, ஆனால் எழுதாமல் விட்டால் தலைக்குள்ளேயே சுற்றுகிறது.

நேற்று எழுந்தபோது முகத்தின் இடது பாதி தொங்கியிருந்தது. இவர் கடையைத் திறக்கப் போனவர் போனை மறந்து பாதி வழியில் திரும்பி வந்தார். என்னைப் பார்த்ததும் செருப்போடு உள்ளே வந்துவிட்டார். மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிற மனிதர், எதற்கும் பதறமாட்டார். நேற்று பதறினார். ஆட்டோவில் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தார். பக்கவாதம் என்று நினைத்துவிட்டார். நானும்தான்.

டாக்டர் சின்ன வயசுப் பையன். "நெத்தியைச் சுருக்குங்கம்மா" என்றார். பாதி நெற்றிதான் சுருங்கியதாம்.

"நல்லதும்மா. ஸ்ட்ரோக் இல்ல. மூளையில ஒண்ணுமே இல்ல. முகத்துக்குப் போற நரம்பு வீங்கியிருக்கு, முகவாதம்னு சொல்லுவாங்க."

பாதி நெற்றி வேலை செய்யாததை நல்லது என்று சொல்கிற மனிதரை நேற்றுதான் பார்த்தேன்.

"எப்ப சார் சரியாகும்?" என்று இவர் கேட்டார்.

"சிலருக்கு மூணு வாரம். சிலருக்கு மூணு மாசம் ஆகும். சிலருக்குக் கொஞ்சம் அப்படியே நிக்கும்."

நான் மூன்று வாரத்தை எடுத்துக்கொண்டேன். கணக்குப் போட்டால் நிச்சயதார்த்தத்துக்கு முன்பே சரியாகிவிடும். மாத்திரை, கண்ணுக்குச் சொட்டு மருந்து, தூங்கும்போது மூடாத கண்ணுக்கு பிளாஸ்திரி, தினமும் பலூன் ஊதும் பயிற்சி. சிந்துஜாவிடம் சொல்லக்கூடாது என்று இவரிடம் சத்தியம் வாங்கிவிட்டேன். பெங்களூரில் வேலையில் இருக்கிற பெண், இங்கே ஓடி வந்து என்ன செய்யப் போகிறாள்?

ஜூன் 21, சனி

வேலைக்குப் போனேன். மாஸ்க் போட்டிருந்தால் ஒன்றும் தெரியவில்லை. கண் மட்டும் சிவப்பு, அதற்குச் சாக்குச் சொல்ல தின்னர் இருக்கிறது.

கொக்கண்ணனின் முகங்கள் சரியாக வரவில்லை. உதட்டுக்கோடு ஒரு பக்கம் ஏறியிருக்கிறது. உடம்பெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, முட்டி நிற்கிறது, மேலங்கி படிந்து விழுகிறது. முகத்தில் கோட்டை விட்டுவிட்டார்கள். காலையில் எடுத்ததில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பினேன்.

மேசையில் ஒரு கைக்கண்ணாடி வாங்கி வைத்திருக்கிறேன். முகம் கோணலா என்று நேரே பார்த்தால் கண் பழகிவிடும், கண்ணாடியில் பார்த்தால் சட்டென்று தெரியும். பொம்மைகளுக்காகத்தான் வாங்கினேன்.

பக்கத்தில் உட்கார்ந்து முடிவு எழுதுகிற ஷகீலாவுக்கு நான் வாயால் சொல்ல வேண்டும். பாஸ் என்று சொன்னால் காற்று ஒரு ஓரமாகப் போய் வேறென்னவோ சத்தம் வருகிறது. ரிஜெக்ட் என்று சொல்ல உதடே தேவையில்லை.

ஜூன் 22, ஞாயிறு

இவர் பிறந்தநாள் பலூன் ஒரு பாக்கெட் வாங்கி வந்திருக்கிறார். நான் ஊதினால் காற்றெல்லாம் இடது ஓரமாகப் போய்விடுகிறது. "இங்க பாரு கனகு, இப்படி" என்று இவர் ஊதிக் காட்டினார். வீடெல்லாம் இவர் ஊதிய பலூன்தான் கிடக்கிறது. பக்கத்து வீட்டுக் குழந்தை வந்து எட்டிப் பார்த்துவிட்டு, யாருக்குப் பிறந்தநாள் என்று கேட்டது.

சிந்துஜா வீடியோவில் கூப்பிட்டாள். கேமரா கெட்டுவிட்டது என்று சொன்னேன்.

ஜூன் 24, செவ்வாய்

வேலை முடிந்து வந்து அரிசி களைந்துகொண்டிருந்தேன். வாசலில் கார் சத்தம். சாரதம்மா, கையில் புடவைப் பெட்டி. "இந்தப் பக்கம் ஒரு கிரகப்பிரவேசம், அப்படியே சம்பந்தியம்மாவைப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார். சொல்லாமல் வருகிறவர்களைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு, அதை இங்கே எழுதவில்லை.

ஓடிப்போய் மாஸ்க் போட்டுக்கொண்டேன். தண்ணீர் கொடுத்தேன், காபி கொடுத்தேன், ஆனால் தள்ளித் தள்ளி நின்றேன். நான் ஒரு வாய் சாப்பிடவில்லை.

"வீட்டுக்குள்ள எதுக்கும்மா மாஸ்க்?"

"கொஞ்சம் இருமல்."

"எத்தனை நாளா?"

"ஆச்சு, ஒரு வாரம்."

அவர் டம்ளரை ஒரு தரம் பார்த்தார். காபியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினார். புடவை நல்ல அரக்கு நிறம். முந்தியில் ஒரு இழை விட்டிருக்கிறது, சொல்லவில்லை.

ஜூன் 27, வெள்ளி

ரெஜினாவோடு சண்டை. லைன் மொத்தமும் கேட்டது.

"அக்கா, ஒரு வாரமா எங்க பொண்ணுங்க ஒரே முகத்தைத் துடைச்சுத் துடைச்சு வரையறாங்க. எதுக்கு ரிஜெக்ட்டுன்னே புரியல."

"உதடு கோணல்."

"அச்சுலயே அப்படித்தானேக்கா இருக்கு?"

"அச்சுல லேசாத்தான் இருக்கு. நீங்க கோடு போட்டு இழுத்து ஏத்தி விட்டுட்டீங்க."

"போன வாரம் திங்கக்கிழமை இதே முகத்தை நீங்கதான் பாஸ் பண்ணீங்க."

"திங்கக்கிழமை வந்தது வேற."

"எப்படிக்கா வேற? அதே கை, அதே பிரஷ்ஷு."

என் கண்ணையே சந்தேகப்படுகிறாளா என்று கேட்டுவிட்டேன். குரல் ஏறியது, ஏறிய குரல் குழறியது. அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு லைனுக்குத் திரும்பினாள். துடைத்துத் துடைத்துச் சில முகங்களில் வண்ணமே மெலிந்துவிட்டது. அவற்றை வேறு காரணத்துக்காக ரிஜெக்ட் செய்ய வேண்டியதாயிற்று.

ரொம்ப அலுப்பாக இருக்கிறது. வேலையா, மாத்திரையா தெரியவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

சிந்துஜா சொல்லாமல் நேற்று வந்து நின்றாள். கேமரா கெட்ட கதையை நம்பவில்லையாம். நான் கண்ணில் பிளாஸ்திரியோடு தூங்கிக்கொண்டிருந்தேன். விழித்தபோது கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்திருந்தாள் என்று மூக்கைப் பார்த்தாலே தெரிந்தது.

முதலில் அப்பாவுக்குத் திட்டு விழுந்தது. அப்புறம் எனக்கு. அப்புறம் பக்கத்தில் படுத்துக்கொண்டு என் இடது கன்னத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். அந்தப் பக்கம் தொட்டால் தெரிகிறது, அசையத்தான் மாட்டேன் என்கிறது.

இன்று மத்தியானம் என் யோசனையைச் சொன்னேன். நிச்சயதார்த்தத்தன்று தட்டு மாற்றுவதை என் நாத்தனார் செய்யட்டும். எனக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடலாம். நான் பின்னால் பந்தி வேலையைப் பார்த்துக்கொள்கிறேன், யாராவது ஒருவர் பாயசத்தில் முந்திரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்தானே.

"ம்மா, எனக்கு நிச்சயம். அத்தைக்கு இல்ல."

"எல்லார் முன்னாடியும் நான் எப்படிடி உக்கார்றது? போட்டோ எடுப்பாங்க. அது வாழ்நாள் பூரா இருக்கும்."

"இருக்கட்டும்."

"உனக்குப் புரியாது. அவங்க ஆளுங்க, பொண்ணோட அம்மாவுக்கு வாய் கோணிடுச்சு, வம்சத்துல என்ன இருக்கோன்னு பேசுவாங்க."

"நீ வரலன்னா நான் மேடையில உக்கார மாட்டேன்."

"மிரட்டாத."

"மிரட்டல. சொல்றேன்."

சாயங்காலப் பஸ்ஸில் போய்விட்டாள். டாட்டா காட்டவில்லை. பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று இவர் சத்தமாக யோசித்தார்.

ஜூலை 1, செவ்வாய்

ரிஜெக்ட் பெட்டிகள் கழிவறைக்குப் போகும் வழிவரை வந்துவிட்டன.

ஜூலை 2, புதன்

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

காலையில் மேனேஜர் சந்திரமௌலி சார் கூப்பிட்டார். ரெஜினாவும் அங்கே நின்றாள். இப்படியே போனால் கப்பலை விட்டுவிடுவோம், இந்த ஆர்டர் போனால் அடுத்ததும் வராது, பெயின்ட் லைனைப் பாதியாகக் குறைக்கச் சொல்லிவிடுவார்கள் என்றார். திட்டவில்லை, நெற்றியைத் தேய்த்துக்கொண்டே சொன்னார். எனக்குக் கோபம்தான் வந்தது. கோணல் முகத்தை அனுப்பிவிட்டு அப்புறம் என்னைக் கேட்கவா என்றேன்.

"மாஸ்டர் சாம்பிளை எடுங்க சார். வெச்சுப் பாத்துடலாம். யாரு சரின்னு தெரிஞ்சுடும்" என்று நான்தான் சொன்னேன். ரெஜினா சொல்லவில்லை, சார் சொல்லவில்லை.

லைனுக்கே கொண்டுவரச் சொன்னேன். பெண்கள் எல்லாரும் பார்க்கட்டும், அப்போதுதான் இனி ஒழுங்காக வரைவார்கள் என்று எனக்கு நினைப்பு. விளக்குக்கு அடியில் வைத்து, நானே கறுப்புத் துணியைப் பிரித்தேன்.

கொக்கண்ணன் சிரித்தார். வலது உதடு மேலே ஏறியிருந்தது. இடது உதடு அப்படியே படுத்திருந்தது.

ஒரு பக்கம்தான் சிரிப்பு. நான் பத்து நாளாகத் திருப்பி அனுப்பிய அதே சிரிப்பு.

வெளிச்சம் சரியில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மார்ச் மாதம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. வாங்குகிறவர்களின் ஆள் இதே மேசையில் இதே பொம்மையைக் காட்டி, உதடு ஒரு பக்கம் ஏறியிருக்கிறதே, இது குறையா என்று என்னைத்தான் கேட்டார். அப்போது எனக்கு முகம் முழுசாக இருந்தது. "அதுலதான் சார் உயிர் இருக்கு. ரெண்டு பக்கமும் ஏத்தினா பல்பொடி விளம்பரம் மாதிரி ஆயிடும்" என்று சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். ரெஜினாவும் அன்று இருந்தாள். இன்று அவள் அதை ஞாபகப்படுத்தவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வெட்கமாக இருந்தது. வெட்கம் என்று எழுதினால் போதாது. அத்தனை பெண்கள் கழுத்து வலிக்க வரைந்ததை எல்லாம் துடைக்கவைத்திருக்கிறேன்.

"தப்பு என்னுது" என்றேன். 'ப்பு' சரியாக வரவில்லை, இருந்தாலும் புரிந்திருக்கும்.

ரெஜினா நிமிர்ந்தாள். "எப்படிக்கா? உங்க கண்ணு இப்படித் தவறாதே."

அவள் குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டாள். இத்தனை வருஷம் கூட வேலை பார்த்தவளுக்கு ஒரு பதில் சொல்ல வேண்டும். அதனால் மாஸ்க்கைக் கழற்றினேன்.

என் முகத்தையும் மேசையில் நின்ற பொம்மையையும் மாறி மாறிப் பார்த்த ஷகீலா, "அக்கா... நீங்க நம்ம கொக்கண்ணன் மாதிரியே இருக்கீங்க" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"ஏய், அறிவில்ல உனக்கு?" என்று ரெஜினா பாய்ந்தாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாதி முகத்தில்தான் வந்திருக்கும். ஆனால் வந்தது, நிறுத்த முடியவில்லை. பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள், அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். கடைசியில் ரெஜினாவும் சிரித்துக்கொண்டே என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். சந்திரமௌலி சார் இதையெல்லாம் பார்க்க முடியாமல் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். அது அடிக்கவே இல்லை.

ரிஜெக்ட் பெட்டிகளை எல்லாம் மறுபடி என் மேசைக்கே கொண்டுவரச் சொன்னேன்.

ஜூலை 3, வியாழன்

மறுபரிசோதனை. ஒவ்வொரு பெட்டியாகப் பிரித்து, ஒவ்வொரு முகமாக. பாஸ், பாஸ், பாஸ். வாயைக் கையால் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு சொன்னால் ஓரளவு சரியாக வருகிறது. பலூனைவிட இதுதான் நல்ல பயிற்சி.

சாப்பாட்டு நேரத்தில் யாரும் இல்லாதபோது ஒரு கொக்கண்ணனைக் கன்னத்தோடு வைத்துக் கைக்கண்ணாடியில் பார்த்தேன். அவருக்கும் எனக்கும் ஒரே பக்கம்தான். அவருக்கு அது நன்றாக இருக்கிறது. அவர் பறக்கிறவர்.

மாஸ்க் மறுபடி போட்டுக்கொண்டுதான் பஸ் ஏறினேன். கம்பெனி வேறு, பஸ் வேறு.

ஜூலை 5, சனி

கல்யாணத் தரகர் இவருக்குப் போன் செய்தார். சுற்றி வளைத்துப் பேசி, கடைசியில் விஷயத்துக்கு வந்தார். பெண்ணின் அம்மாவுக்கு டி.பி. என்று கிருஷ்ணகிரியில் பேச்சாம். வீட்டுக்குள்ளேயே மாஸ்க், கிட்டவே வரவில்லை, கண் சிவந்து ஆள் இளைத்திருக்கிறார், ஒரு வாரமாக இருமல் என்று அவரே ஒத்துக்கொண்டார். அதனால் நிச்சயதார்த்தத்தைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாமா என்று சாரதம்மா கேட்கிறாராம். ஆடிக்கு அப்புறம் பார்க்கலாமாம்.

தள்ளி வைப்பது என்றால் என்ன என்று எல்லாருக்கும் தெரியும்.

இவர் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், எனக்கும் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். கோணல் வாயை மறைக்கப் போய் இல்லாத நோயை வாங்கி வைத்திருக்கிறேன். என் பெண்ணின் தலையில் அது விடியப் பார்க்கிறது.

சிந்துஜாவிடம் மாப்பிள்ளை ஹேமந்த் பேசியிருக்கிறான். அவனுக்கு அவள் முன்பே சொல்லிவிட்டாளாம், முகவாதம் என்று. அவன் வீட்டில் சொன்னானாம், அவன் அம்மா நம்பவில்லையாம். பெண் வீட்டுக்காரர்கள் சொல்லிக்கொடுத்தது என்று நினைக்கிறார்.

ஜூலை 6, ஞாயிறு

கிருஷ்ணகிரி போய் வந்தோம். நானும் இவரும். மாஸ்க்கைக் கைப்பையில் வைத்துக்கொண்டேன், போட்டுக்கொள்ளவில்லை. பஸ்ஸில் எதிர் சீட்டுக் குழந்தை வழி முழுக்க என்னையே பார்த்தது. ஒரு தரம் நான் சிரித்தேன். அது அம்மா மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. திரும்பிவிடலாமா என்று இவரிடம் கேட்டேன். டிக்கெட் எடுத்தாயிற்று என்றார்.

சாரதம்மா கதவைத் திறந்தார். பார்த்தார். கை தானாக நெஞ்சுக்குப் போயிற்று.

"டி.பி. இல்லீங்க. இதுதான்" என்றேன். டாக்டர் சீட்டை இவர் நீட்டினார். அவர் அதை வாங்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்கா அன்னிக்கு அவ்வளவு தள்ளி நின்னீங்க? எங்க சித்தப்பாவுக்கு இதே மாதிரி வந்துச்சும்மா. காத்து அடிச்சிருக்கும். ஜன்னலோரம் உக்காந்தீங்களா?"

உட்கார்ந்தேன் என்று சொன்னேன். டாக்டர் சொன்னதை விட்டுவிட்டேன், ஜன்னல் எல்லாருக்கும் வசதியாக இருக்கிறது. காபி கொடுத்தார். இடது ஓரத்தில் கொஞ்சம் வழிந்தது. அவரே தன் முந்தானையால் துடைத்தார். நல்ல மனுஷிதான், நான் நினைத்த அளவு மோசமில்லை.

கிளம்பும்போது வாசலில் தனியாக நிறுத்தி, மெதுவாகச் சொன்னார்: "தட்டு நீங்கதான் மாத்தணும். அதுல ஒண்ணும் இல்ல. போட்டோ எடுக்கறப்ப மட்டும் மாஸ்க் போட்டுக்குங்களேன். புடவை கலர்லயே ஒண்ணு தெச்சுடலாம், பாக்க எடுப்பா இருக்கும். ஆல்பம் நாளைக்கு நாலு பேர் பாப்பாங்க, இல்லையா?"

அன்பாகத்தான் சொன்னார். தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஜூலை 9, புதன்

தபாலில் அரக்கு நிற மாஸ்க் வந்தது. ஓரத்தில் ஜரிகை. தையல் நேர்த்தி, குறை சொல்ல ஒன்றும் இல்லை.

ஜூலை 10, வியாழன்

லாட் கிளம்பியது. துடைத்துத் துடைத்து வண்ணம் மெலிந்த முகங்களை மட்டும் அனுப்ப முடியவில்லை, அது என் கணக்கில். ரெஜினாவின் பெண்கள் புதிதாக அவ்வளவும் வரைந்து கொடுத்தார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

லாரி போனதும் ரெஜினா, "நிச்சயத்துக்கு வரோம்க்கா, லைன் மொத்தமும்" என்றாள். பாயசத்துக்கு இன்னும் பால் சொல்ல வேண்டும்.

இடது புருவம் லேசாகத் துடிக்கிறது. டாக்டர் நல்ல அறிகுறி என்கிறார். உதடு இன்னும் அசையவில்லை. மூன்று வாரம் முடிந்துவிட்டது.

ஜூலை 12, சனி

பூக்காரர் நாளைக்குச் சொன்ன மாலையை இன்றே கொண்டுவந்துவிட்டார். வாடாமல் வைக்க ஈரத் துணி சுற்றினோம். சிந்துஜா புடவையோடு இருந்த அந்த மாஸ்க்கைப் பார்த்துவிட்டு, "இது என்ன?" என்றாள். உன் மாமியார் அனுப்பியது என்றேன். எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இருந்த இடத்திலேயே வைத்தாள்.

"உன் இஷ்டம்மா" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் போட்டுக்கொண்டிருப்பேன்.

ஜூலை 14, திங்கள்

நேற்று எழுத நேரமில்லை. இன்று லீவு, பாத்திரங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். கால் வலி.

மண்டபம் சின்னது, கூட்டம் அதிகம். பெயின்ட் லைன் பெண்கள் வேன் வைத்து வந்து முன் வரிசை முழுக்கப் பிடித்துக்கொண்டார்கள். சாம்பாரில் உப்பு தூக்கல். ஐயர் ஒரு மணி நேரம் தாமதம். மாப்பிள்ளை சட்டைக் காலரில் விலைச் சீட்டின் பிளாஸ்டிக் ஊசி நீட்டிக்கொண்டிருந்தது, நானே போய்ப் பிடுங்கிவிட்டு வந்தேன். அவன் "தேங்க்ஸ் அத்தை" என்றான். முதல் தடவை அத்தை என்று சொல்கிறான்.

தட்டு மாற்றும்போது சாரதம்மாவும் நானும் எதிரெதிரே நின்றோம். எனக்குச் சந்தனம் வைத்தார், குங்குமம் வைத்தார். கூட்டத்தில் சிலர் பார்த்தார்கள், சிலர் காதில் பேசினார்கள். நான் தட்டைப் பார்த்துக்கொண்டேன். வெற்றிலை ஒன்று கிழிந்திருந்தது.

அப்புறம் குடும்பப் போட்டோ. சாரதம்மா என் இடுப்பைத் தொட்டார். மாஸ்க் இடுப்பில்தான் செருகியிருந்தது. கையை அங்கே கொண்டுபோனேன். மேடையின் நடுவிலிருந்து சிந்துஜா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வா என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சின்ன வயதில் பள்ளிக்கூட நாடகத்தில் மேடையிலிருந்து கூட்டத்துக்குள் என்னைத் தேடுவாளே, அதே பார்வை.

கையை எடுத்துவிட்டேன். போய் அவள் பக்கத்தில் நின்றேன்.

"அம்மா, கொஞ்சம் சிரிங்க" என்றார் போட்டோக்காரர்.

சிரித்தேன்.

அவர் கேமராவிலிருந்து முகத்தை எடுத்து என்னைப் பார்த்தார். நல்ல பையன், தொழிலில் அக்கறை. "இன்னும் கொஞ்சம்மா. இந்தப் பக்கமும்."

முன் வரிசையில் ரெஜினா எழுந்துவிட்டாள். சாரதம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

சிந்துஜா என் தோளில் கை போட்டாள். "அம்மா சிரிச்சாச்சு அண்ணா. எங்கம்மா சிரிப்பு இதுதான். எடுங்க."

எடுத்தார்.

இன்று காலை போனில் அந்தப் படத்தை அனுப்பியிருக்கிறார்கள். என் கொண்டை சாய்ந்திருக்கிறது, இவர் வேட்டியில் குழம்பு. மற்றபடி பாஸ். இடது கண்ணில் தண்ணீர் நிற்பது படத்தில் தெரிகிறது. மூடாத கண் அப்படித்தான் வழியும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருக்கிறார். வலது கண்ணைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.